கார்டு இருந்தும் பணம் கேட்டால்?



ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா 18,000 ரூபாய் அவசரக் கடன் கேட்டார். "வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் மேடம். காப்பீட்டு கார்டுலதான் பண்ணாங்க. ஆனா ஸ்கேன், மருந்து, ஊசின்னு தனியா கட்டச் சொன்னாங்க. கந்து வட்டிக்கு வாங்கிக் கட்டிட்டேன்" என்றார். 14,000 ரூபாய்க்கு பில் வைத்திருந்தார். மீதி 4,000 ரூபாய்க்கு எதுவும் இல்லை.

அந்தப் பணத்தை அவர் கட்டியிருக்கவே வேண்டாம். எப்படி என்று பார்ப்போமா?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012-ல் தொடங்கியது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் இதில் சேரலாம். எல்லா நோய்க்கும், எல்லா ஆஸ்பத்திரியிலும் இது செல்லாது. ஆனால் திட்டத்தில் உள்ள சிகிச்சைக்கு அனுமதி வந்துவிட்டால், பரிசோதனை, மருந்து, டாக்டர் கட்டணம், படுக்கை எல்லாம் அந்தத் தொகைக்குள்ளேயே அடங்கும். தனியாக வாங்கக் கூடாது.

நாம் செய்ய வேண்டியவை:

1. சேரும்போதே காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்: "இந்த ஆஸ்பத்திரி திட்டத்துல இருக்கா? இந்தச் சிகிச்சை இருக்கா? அனுமதி வந்துடுச்சா?"

2. பணம் கேட்டால், "எதுக்கு?" என்று கேளுங்கள். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பில் வாங்காமல் கட்டாதீர்கள். துண்டுச் சீட்டு செல்லாது.

3. எந்தத் தாளையும் படித்துக் காட்டச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

4. 1800 425 3993 என்ற எண்ணுக்குப் பேசிப் புகார் கொடுங்கள். கட்டணம் கிடையாது. புகார் எண்ணையும் தேதியையும் குறித்து வையுங்கள்.

5. தீரவில்லையா? மாவட்டக் குறைதீர்க்கும் குழுவுக்குத் தலைவர் கலெக்டர்தான். திங்கட்கிழமை மனு நாளில் மனு கொடுங்கள். கார்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, பில் இவற்றின் ஜெராக்ஸை இணையுங்கள். அசலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அக்கா புகார் செய்தார். குழுத் தலைவியும் கூடவே போனார். பில் இருந்த 14,000 ரூபாய் திரும்பி வந்தது. பில் இல்லாத 4,000 வரவே இல்லை. "அந்த நாலாயிரத்துக்கு இன்னும் கூலி வேலை செஞ்சு கட்டுறேன்" என்கிறார்.

கூட்டத்தில் பேசுவோம்: நம் குழுவில் யாருக்கெல்லாம் கார்டு இல்லை? கார்டு இருந்தும் பணம் கட்டியவர்கள் யார்? அவர்களிடம் பில் இருக்கிறதா?

ஒருத்தியாகப் போனால் "அப்புறம் வா" என்பார்கள். குழுவாகப் போனால் உட்கார வைத்துப் பதில் சொல்வார்கள்!