தமிழ்ப் பாடம்: பறவை வரும் மாதம்



நைரோபியிலிருந்து மசாய் மாராவுக்குப் போக நாம் மாதம் பார்க்கிறோம். புல் தேடி வில்டபீஸ்ட் கூட்டம் ஜூலை முதல் அக்டோபர் வரை அங்கே இருக்கும். என் சொந்த ஊர் பிச்சாட்டூருக்குப் போனபோது இதை மறந்துவிட்டேன். ஆகஸ்ட் விடுமுறையில், அதே திருப்பதி மாவட்டத்திலுள்ள நேலபட்டுப் பறவைகள் சரணாலயத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றேன். கூழைக்கடா ஒன்றுகூட இல்லை!

"அப்பா, உங்க ஊர்ல பறவையே இல்லையா?" என்றாள் மகள். பிழை என்னுடையது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினால்தான் அவை நீர் சூழ்ந்த மரங்களில் கூடு கட்டும். அக்டோபர் முதல் மார்ச் வரை காணலாம். இனி டிசம்பரில்தான் ஊர்ப் பயணம்.

சொற்பொருள்: கூழைக்கடா – அலகின் கீழே பையுள்ள பெரிய நீர்ப்பறவை. சரணாலயம் – புகலிடம்.

பயிற்சி: உங்கள் ஊருக்கு வரும் பறவை எது? எந்த மாதம் வரும்? தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதுக.