கரை தெரிகிறது, கப்பல் நிற்கவில்லை

கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகக் காலையிலேயே வரிசையில் நின்று, கவுன்ட்டரை நெருங்கும் நேரத்தில் "இன்று படகு இல்லை" என்று கேட்டுத் திரும்பியவர்கள் நம்மில் நிறையப் பேர். வெயில் சுள்ளென்று அடிக்கும். வானத்தில் மேகமே இருக்காது. ஆனாலும் கடல் உள்வாங்கியிருக்கிறது என்பார்கள், இல்லையென்றால் சீற்றம் என்பார்கள். லட்சக்கணக்கில் பணம் கட்டி ஏறிய சொகுசுக் கப்பல் சொன்ன ஊரில் நிற்காமல் போய் இதே ஏமாற்றம் வரும்போதுதான் கோபம் பொங்குகிறது, கூடவே வதந்தியும் கிளம்புகிறது. வருடக்கணக்கில் சேமித்துப் போகிறவர்களின் வருத்தம் நியாயமானது. அந்தக் கோபம் சரியான இடத்தில் போய்ச் சேரவேண்டும் என்பதே என் அக்கறை. அதற்காக, அடிக்கடி காதில் விழும் சில பேச்சுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"வானம் தெளிவாக இருக்கிறது, கப்பலோ மலை மாதிரி. ஏன் நிறுத்தவில்லை?"

மலை மாதிரி இருப்பதுதான் சிக்கல். உலகின் மிகப்பெரிய பயணிகள் கப்பல்களில் ஒன்றான 'ஐகான் ஆஃப் தி சீஸ்' சுமார் 365 மீட்டர் நீளம். தண்ணீருக்குள் இறங்கியிருப்பது ஏறத்தாழ 9 மீட்டர்தான், மொத்தமுள்ள இருபது தளங்களில் பெரும்பகுதி மேலே. அந்தப் பக்கச்சுவர் முழுக்கக் காற்றுக்கு விரித்த பாய் போல. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் கப்பலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆழ்கடலில் இதைச் சமாளித்துவிடலாம். துறைமுக வாயில் குறுகலானது, அங்கே வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும், வேகம் குறையக் குறைய சுக்கானின் பிடியும் தளரும். உள்ளே போய்க் கட்டியபின்னும் ஆபத்து தீர்ந்துவிடாது. 2025 மே 30 அன்று இத்தாலியின் கட்டானியா துறைமுகத்தில் நின்றிருந்த 'நார்வீஜியன் எபிக்' கப்பலின் வடங்கள் பலத்த காற்றில் அறுந்தன. இறங்குபாலம் சரிந்து ஒரு பயணி கடலில் விழுந்து மீட்கப்பட்டார்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. நம் தென்கோடி மீனவர்கள் அதைக் 'கள்ளக்கடல்' என்பார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே எங்கோ வீசிய புயல் கிளப்பிவிட்ட நீளமான அலைகள், இங்கே காற்றே இல்லாத நாளில் திருடனைப்போல வந்து கரையேறும். இப்படிப்பட்ட அலை உலகின் எல்லாப் பெருங்கடல்களிலும் உண்டு. பெரிய கப்பல் ஒட்டி நிற்கத் துறை இல்லாத ஊர்களில் இது இன்னும் கொடுமை. கிரீஸின் சான்டோரினியிலும் ஃபாக்லாந்து தீவுகளின் ஸ்டான்லியிலும் பெரிய கப்பல்கள் தள்ளி நங்கூரமிட, பயணிகள் சிறு படகுகளில் கரைக்குப் போகிறார்கள். மேல்தளத்தில் நிற்பவருக்கு அலை அற்பமாகத் தெரியும். கீழே படகும் கப்பலும் வேறுவேறு தாளத்தில் ஏறி இறங்க, நடுவே எழுபது வயதுப் பாட்டி கால் எடுத்து வைக்கவேண்டும். அதை நினைத்துப் பார்த்தால் கேப்டன் ஏன் "வேண்டாம்" என்கிறார் என்பது புரியும்.

"துறைமுகக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கவும், சூதாட்டக் கூடத்தை நிரப்பவும்தான்."

இந்தச் சந்தேகத்துக்கு ஓர் அடிப்படை இருக்கிறது. துறைமுகத்தில் நிற்கும்போது கப்பலின் காசினோவும் வரியில்லாக் கடைகளும் பெரும்பாலும் மூடியிருக்கும், கடலில் போகும்போது திறந்திருக்கும். ஆனால் ஊர் சுற்றிக் காட்டுவதில் கிடைக்கும் வருமானம் அன்று போய்விடுகிறதே. தவிர, கடைசி நேர முடிவு நிறுவனத்தின் கையில் இல்லை. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான 'சோலாஸ்', கேப்டன் பாதுகாப்பை முன்னிட்டு எடுக்கும் முடிவில் முதலாளி உட்பட யாரும் குறுக்கிடக்கூடாது என்று விதித்திருக்கிறது.

ஆகவே பயணத்திட்ட மாற்றங்களை இரண்டாகப் பிரித்துப் பார்க்கவேண்டும். அன்று காலை ஒலிபெருக்கியில் வருவது ஒன்று, அதைப் பெரும்பாலும் நம்பலாம். பல மாதம் முன்னால் மின்னஞ்சலில் வருவது இன்னொன்று. அதிலும் தவிர்க்கமுடியாத காரணங்கள் உண்டு. செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால் 2024இல் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனது அப்படித்தான். ஆனால் எரிபொருள் செலவு, அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் கப்பல்களுக்கும் கொண்டுவந்த கரிமக் கட்டணம் போன்ற வணிகக் கணக்குகள் நுழையும் இடமும் இதுவே. கேள்வி கேட்கவேண்டியதும் இங்கேதான்.

"எல்லாம் வானிலைதான்."

இல்லை. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்த கார்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' சொகுசுக் கப்பல், அதே மாதம் புதுச்சேரிக் கடல்வரை போயும் பயணிகளை இறக்காமல் திரும்பியது. புயலோ அலையோ காரணமில்லை. கப்பலில் காசினோ இருப்பதாக எதிர்ப்புக் கிளம்பியிருந்தது, புதுச்சேரி அரசின் அனுமதி கிடைக்கவில்லை. 2020 பிப்ரவரியில் 'வெஸ்டர்டாம்' என்ற சொகுசுக் கப்பல் பட்ட பாடு இதைவிடப் பெரிது. கொரோனா அச்சத்தில் ஜப்பான், தைவான், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, குவாம் என வரிசையாகக் கதவு சாத்தப்பட, கடைசியில் கம்போடியாவின் சிஹானூக்வில் மட்டும் இடம் கொடுத்தது. கரையில் உள்ள அரசு மறுத்துவிட்டால் கேப்டனால் ஒன்றும் செய்யமுடியாது.

"இறங்காத ஊருக்கு உரிய பணம் தானாக வந்துவிடும்."

பெரும்பாலும் வராது. டிக்கெட்டோடு வரும் ஒப்பந்தத்தில், ஊரை மாற்றவோ விட்டுவிடவோ நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று எழுதியிருக்கும். அந்த ஊருக்கான துறைமுகக் கட்டணமும் வரியும் திரும்பி வரும், அது சிறு தொகைதான். அதையும் பல சமயம் கப்பல் கணக்கில் வரவு வைப்பார்கள். கப்பல் மூலமாகப் பதிவுசெய்த சுற்றுலாவுக்குப் பணம் கிடைக்கும். நீங்களாகப் பேசிவைத்த டாக்சிக்கு எதுவும் கிடைக்காது. அதனால் அதை முன்பணம் இல்லாமல், ரத்து செய்ய இடம் வைத்துப் பேசுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் பேக்கேஜாக வாங்கியிருந்தால் நிலைமை மேல். பயணத்தின் முக்கிய அம்சத்தைக் கிளம்பும் முன்னரே பெரிதாக மாற்றினால், கட்டணப் பிடித்தம் இல்லாமல் விலகிக்கொள்ளும் உரிமையை 2015ஆம் ஆண்டின் பேக்கேஜ் பயண விதிகள் தருகின்றன.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்காரர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. மாற்று ஊர் வேறு நாட்டில் அமைந்து, அந்த நாட்டுக்கான விசா கையில் இல்லாவிட்டால் கப்பலிலேயே இருந்துவிட நேரலாம். கிரேக்கத் தீவுக்குப் பதில் துருக்கியின் குஷாதாசி என்று மாறினால், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஒரே விசா செல்லும் ஷெங்கன் பகுதியைவிட்டு வெளியே போய்த் திரும்புவதாகக் கணக்காகும். ஒருமுறை மட்டும் நுழையும் விசாவில் அதற்கு வழியில்லை. விண்ணப்பம் எழுதும்போதே பலமுறை நுழையும் விசா கேட்டுவிடுங்கள்.