பிள்ளைப்பேற்றுச் செலவு யார் மீது கடமை?

மக்கட்செல்வம் வல்ல அல்லாஹ் தன் அடியார்களிடம் ஒப்படைக்கும் அமானிதம். ஆணோ பெண்ணோ, அவன் நாடியதை நாடியவர்க்கு அளிக்கிறான். அந்த அமானிதத்தை வரவேற்க ஆயத்தம் செய்வது பெற்றோரின் பொறுப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் யார் செலவழிப்பது, எதற்குச் செலவழிப்பது, எவ்வளவு செலவழிப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் மார்க்கம் தெளிவாக வழிகாட்டியிருக்க, நாமோ ஊர் வழக்கத்திடம் விடை கேட்டுக் கொண்டிருக்கிறோம். அம்மூன்றையும் ஈண்டு சுருக்கமாகக் காண்போம்.

யார் செலவழிப்பது?

கோவையிலும் திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி வட்டாரங்களிலும் தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நெடுநாள் வழக்கம். பெண்ணுக்குத் தாயின் அரவணைப்புக் கிடைக்கிறது என்ற அளவில் அதில் குறை ஏதுமில்லை. ஆனால் அவ்வழக்கத்தோடு ஒரு நீண்ட பட்டியலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. கொங்கு நாட்டில் கர்ப்பிணிக்குக் கட்டுச்சோறு கொண்டு வரும் பழக்கம் உண்டல்லவா? அது நம்மவர் பலரிடம் ஏழாம் மாத விருந்தாக நடக்கிறது. அப்புறம் ஆஸ்பத்திரிச் செலவு. குழந்தை பார்க்க வரும் சம்பந்தி வீட்டாருக்கு விருந்து. நாற்பதாம் நாள் தாயையும் சேயையும் அனுப்பும்போது தொட்டில், வெள்ளி அரைஞாண், தங்கச் சங்கிலி, துணிமணிகள். இவை யாவும் பெண்ணைப் பெற்றவர் தலையில்! கல்யாணக் கடனே அடையாத நிலையில், இருக்கும் நகையும் அடகுக் கடைக்குப் போகிறது. வட்டி என்னும் ஹராம் வீட்டுக்குள் நுழைகிறது.

அருள்மறை என்ன சொல்கிறது? பாலூட்டும் தாய்க்கு முறைப்படி உணவும் உடையும் அளிப்பது குழந்தையின் தந்தை மீது பொறுப்பு என்று அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனம் விதிக்கிறது. தலாக் விடப்பட்டவள் கர்ப்பிணியாக இருந்தால் அவள் பிரசவிக்கும் வரை அவளுக்குச் செலவழிக்கும்படி அத்தலாக் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. விலக்கப்பட்டவளுக்கே இது சட்டம் என்றால், கூடி வாழும் மனைவியின் உரிமையைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? பொருளில்லாத சிறு குழந்தையின் ஜீவனாம்சம் தகப்பன் மீதே கடமை என்பதில் நான்கு மத்ஹபுகளின் இமாம்களும் ஒன்றுபட்டிருக்கிறார்கள். மனைவி தாய்வீட்டில் இருப்பதால் இந்தக் கடமை மாமனார் தோளுக்கு மாறிவிடாது.

இங்கே சிலர் ஒரு கேள்வி கேட்பர்: “அண்ணலார் (ஸல்) அவர்களே தம் மகள் வயிற்றுப் பேரர்கள் ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவருக்கும் அகீகா கொடுத்தார்களே?” உண்மைதான். பாட்டனார் பாசத்தால் தாமாக மனமுவந்து கொடுப்பது அன்பளிப்பு, அது நன்மையே. ஆனால் “உங்கள் வீட்டில் என்ன போட்டீர்கள்?” என்று மருமகளை நோக்கி எழும் கேள்விக்கு அஞ்சிக் கொடுப்பது அன்பளிப்பாகுமா? ஒரு முஸ்லிமின் பொருள் அவன் மனம் பொருந்தாமல் மற்றவருக்கு ஆகுமானதல்ல என்பது நபிமொழி காட்டும் நெறி. வாய்விட்டுக் கேட்டு வாங்கினாலும், கேட்காமலே எதிர்பார்த்து முகம் கோணினாலும் அந்த நெறி மீறப்படுகிறது.

இதில் இன்னொரு பெரிய தீங்கும் உண்டு. பெண் குழந்தை பிறந்த செய்தி கேட்டு முகம் கறுத்த ஜாஹிலிய்யாக் காலத்தாரை அன்னஹ்ல் அத்தியாயம் கண்டிக்கிறது. கல்யாணத்தில் ஒரு கடன், பேரப்பிள்ளை பிறப்பில் ஒரு கடன் என்று பெண்ணைப் பெற்றவரை நாம் வாட்டினால், மகள் பிறந்தாள் என்றதும் ஒரு தகப்பனின் முகம் எப்படி மலரும்? அந்தப் பழைய இருளை நம் கையாலேயே திரும்ப அழைக்கிறோம் என்பதை உணர வேண்டாமா?

எதற்குச் செலவழிப்பது?

குழந்தை பிறந்தால் மார்க்கம் காட்டும் காரியங்களை எண்ணிப் பாருங்கள். காதில் பாங்கு சொல்வதற்குச் செலவில்லை. நல்ல பெயர் வைப்பதற்கும் செலவில்லை. அஸ்மா (ரலி) அவர்கள் குபாவில் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்களைப் பெற்றெடுத்து நபியவர்களிடம் கொண்டு வந்தபோது, பெருமானார் ஒரு பேரீச்சம்பழத்தை மென்று அக்குழந்தையின் வாயிலிட்டு துஆச் செய்தார்கள். அன்றைய செலவு ஒரே ஒரு பேரீச்சம்பழம்! ஹஸன் (ரலி) அவர்களின் தலைமுடியை இறக்கி, அதன் எடைக்கு வெள்ளி தர்மம் செய்யச் சொன்னார்கள். அது ஒரு திர்ஹமோ அதற்கும் குறைவோதான் இருந்தது. ஒரு திர்ஹம் ஏறக்குறைய 3 கிராம். ஏழைக்கு 3 கிராம் வெள்ளி கொடுக்கும் ஸுன்னத்தை மறந்துவிட்டு, 8 கிராம் பவுன் சங்கிலிக்கு அலைகிறோம். அதிலும் ஆண் குழந்தைக்குத் தங்கம் அணிவிப்பது ஹனஃபி மத்ஹபில் கூடாது. குற்றம் அணிவிப்பவரைச் சாரும்.

அகீகா ஏழாம் நாள் கொடுப்பது சிறப்பு. வசதியுள்ளவர் ஆணுக்கு இரண்டு ஆடு, பெண்ணுக்கு ஒன்று கொடுப்பர். ஷாஃபிஈ மத்ஹபில் அது வலியுறுத்தப்பட்ட ஸுன்னத்; ஹனஃபி மத்ஹபில் விரும்பத்தக்கது; இரண்டிலும் ஃபர்ளு அல்ல. ஆகவே கடன் வாங்கி அகீகா கொடுக்க வேண்டியதில்லை. மண்டபம் பிடித்து ஐந்நூறு பேருக்குப் பிரியாணி போட வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. இறைச்சியை அக்கம்பக்கத்து ஏழைகளுக்குப் பங்கிட்டாலும் போதும்.

நாற்பதாம் நாள் சடங்குக்கோ மார்க்கத்தில் இடமே இல்லை. ஹனஃபி மத்ஹபில் நாற்பது நாள் என்பது பிரசவத் தீட்டின் மேல் எல்லை. அதற்கு முன்பே இரத்தம் நின்றுவிட்டால் குளித்துத் தொழுவது கடமை. சடங்குக்காக நாற்பதை எண்ணிக்கொண்டு தொழுகையை விடும் சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

எவ்வளவு செலவழிப்பது?

வீண்விரயமும் கூடாது, கஞ்சத்தனமும் கூடாது. இரண்டுக்கும் நடுவே நிற்பவர்களே ரஹ்மானின் அடியார்கள் என்று அல்ஃபுர்கான் அத்தியாயம் போற்றுகிறது. எனவே ஆடம்பரத்தைக் கண்டிக்கும்போது அவசியத்தில் கை வைத்துவிடக் கூடாது. கர்ப்பிணியின் ஆகாரம், மாதாந்திரப் பரிசோதனை, மருந்து ஆகியவற்றில் சிக்கனம் காட்டும் கணவன் கடமை தவறியவன். கணவர் போதிய அளவு தருவதில்லை என்று ஹிந்த் (ரலி) முறையிட்டபோது, தனக்கும் பிள்ளைக்கும் போதுமானதை நியாயமாக அவர் பொருளிலிருந்து எடுத்துக்கொள்ள நபியவர்கள் அனுமதித்தார்கள்.

குழந்தைக்கோ தேவை மிகக் குறைவு. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும் என்பது மருத்துவ உலகின் முடிவு; இரண்டாண்டுப் பாலூட்டலை அல்குர்ஆனும் கூறுகிறது. புட்டிப்பாலுக்கும் பால் புட்டிக்கும் விளம்பரம் செய்வதையே 1992-ஆம் ஆண்டின் சட்டம் நம் நாட்டில் தடுத்திருக்கிறது. தாயின் பழைய பருத்திச் சேலையில் தூளி, துவைத்த பழைய வேட்டியில் விரிப்பு, திருப்பூர் நூல் துணியில் நான்கைந்து சட்டை இருந்தால் போதும். கடையில் ஆசை காட்டும் நடைவண்டி நாற்காலி ஆபத்தானது என்று கனடா நாடு 2004-இல் அதைத் தடையே செய்துவிட்டது. ‘பிறக்கும் முன்னே பொருள் வாங்கினால் ஆகாது’ என்பதும் சகுன நம்பிக்கை. மார்க்கத்தில் அதற்கு ஆதாரமில்லை. அவசியமானதை முன்கூட்டியே வாங்கி வைக்கலாம்.

கருவுற்ற செய்தி தெரிந்தவுடன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள். 2011 முதல் அரசு ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் உட்படப் பிரசவம் கட்டணமின்றி நடக்கிறது. 1987-இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில், தகுதியுள்ள ஏழைத் தாய்மார்க்கு 2018 முதல் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பொருளுமாக 18,000 ரூபாய் வரை வழங்கப்படுகிறது. தனியார் ஆஸ்பத்திரியை நாடுவோர் முதல் மாதங்களிலேயே செலவை விசாரித்து அறிய வேண்டும். பனியன் கம்பெனியில் வாரக்கூலி வாங்கும் தம்பி, சனிக்கிழமைதோறும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி வைத்தால், பிரசவ நாளில் வட்டிக்காரன் வாசலுக்கோ மாமனார் வாசலுக்கோ போக வேண்டியிராது.

ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். நிக்காஹ் பேச்சின்போதே “தலைப்பிரசவச் செலவு மாப்பிள்ளையுடையது” என்பதை முத்தவல்லியும் இமாமும் எடுத்துரைக்கலாம். பைத்துல்மால் உள்ள மஹல்லாக்கள் பிரசவத்திற்கென்று வட்டியில்லாக் கடன் வழங்கலாம். எல்லாவற்றிலும் மேலாக, சீர் வேண்டாம் என்று மாப்பிள்ளை தன் தாயிடம் கனிவோடு சொல்ல வேண்டும். அவர் சொல்வதற்குள்ள மதிப்பு வேறெவர் சொல்லுக்கும் வராது.

குடும்பத்துக்குச் செலவிடும் தீனாருக்கே கூலி அதிகம் என்று நபிமொழி நற்செய்தி கூறுகிறது. அந்தக் கூலியைத் தகப்பனாகப் போகும் நீங்களே பெற்றுக்கொள்ளுங்கள் சகோதரர்களே. மாமனாரின் கடன் சீட்டில் அதைத் தொலைத்துவிடாதீர்கள். கடனில்லாத வீட்டில் நம் குழந்தைகள் கண் விழிக்க வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.