பல்லடம் யாருடைய கோட்டை?

டீக்கடையில் வாக்குவாதம். பல்லடம் தொகுதி எப்போதுமே இரட்டை இலைக்குத்தான் என்கிறார் பக்கத்துத் தறிக்காரர். நிஜமா?
- வாசகர், சாமளாபுரம்

‘எப்போதுமே’ என்பதை விட்டுவிட்டால் டீக்காசு கொடுக்க வேண்டியது அவரல்ல, நீங்கள்தான். 2001 முதல் 2021 வரை ஐந்து தேர்தலிலும் அ.தி.மு.க. வென்றது. 2006-ல் கோட்டையில் தி.மு.க. ஆட்சி, பல்லடத்தில் எஸ்.எம்.வேலுசாமியே மறுபடியும் எம்.எல்.ஏ. 2021-லும் அதே கதைதான்: ஆட்சி தி.மு.க., தொகுதி அ.தி.மு.க. ஆனால் 1996-ஐ எடுத்துப் போடுங்கள்! பர்கூரில் ஜெயலலிதாவே தோற்ற அந்த அலையில், பல்லடம் தி.மு.க.வின் எஸ்.எஸ்.பொன்முடியிடம் போனது.

இன்னொன்று: அந்த ஐந்து தேர்தலில் கட்சி மாறவில்லையே தவிர, வேலுசாமிக்குப் பிறகு ஆள் மாறிக்கொண்டே இருந்தார். 2011-ல் கே.பி.பரமசிவம், 2016-ல் கரைப்புதூர் ஏ.நடராஜன், 2021-ல் திருப்பூர் வடக்கிலிருந்து வந்த எம்.எஸ்.எம்.ஆனந்தன். சின்னத்துக்கு விழுந்த ஓட்டு என்று தறிக்காரர் சொன்னால், அதை மறுக்காதீர்கள்.

2011-க்கு முந்தைய கணக்கை இன்றைய எல்லையோடு ஒப்பிட வேண்டாம். 2008 மறுசீரமைப்பில் பக்கத்துப் பொங்கலூர் தொகுதியே காணாமல் போனது, திருப்பூர் இரண்டானது.

பூத் வாரியாக வேண்டுமா? தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் ‘படிவம் 20’ தேடுங்கள். உங்கள் வாக்குச்சாவடியில் யாருக்கு எத்தனை என்பது வரை இருக்கும்.