இரண்டு டார்ச் பல்புகள்

அன்புள்ள கயல்விழி,

பத்தாம் வகுப்புக்கு ஓம் விதியை முதலில் நடத்திவிட்டு, செய்முறையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். விதியும் கணக்கும் தெரிந்தவருக்கு மின்சுற்றும் புரிந்திருக்கும் என்று நம்ப முடியாது. 1997-இல் வந்த 'மைண்ட்ஸ் ஆஃப் அவர் ஓன்' என்ற அமெரிக்க ஆவணப்படத்தில், பட்டமளிப்பு அங்கியோடு நிற்கும் எம்.ஐ.டி. மாணவர்களிடம் ஒரு பேட்டரி, ஒரு ஒயர், ஒரு பல்பு கொடுத்து எரியவைக்கச் சொல்கிறார்கள். அங்கேயே திணறுகிறார்கள். இழையின் ஒரு முனை பல்பின் பக்கவாட்டு உலோகத்திலும் மறுமுனை அடிப்பொட்டிலும் சேர்கிறது என்பதை எந்தச் சூத்திரமும் காட்டாது.

ஆனால் சாமான்களைக் கையில் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. மின்னோட்டத்தைப் பல்பு தின்றுவிடுகிறது என்ற எண்ணம் பிள்ளைகளிடம் ஆழமாக இருக்கும். பேட்டரிதான் தீர்ந்துபோகிறதே, அப்படி நினைப்பதில் தப்பென்ன? தீர்வது ஆற்றல், மின்னோட்டம் அல்ல. இதை உணர்த்த இரண்டு செல்களோடு, 2.5 வோல்ட்டில் 0.2 ஆம்பியர் பல்பு ஒன்றையும் 0.5 ஆம்பியர் பல்பு ஒன்றையும் தொடரிணைப்பில் மாட்டு. சுவிட்சைப் போடும் முன், எது பிரகாசமாக எரியும் என்று நோட்டில் எழுதச் சொல். எழுதாவிட்டால் பிறகு எல்லோரும் "நான் அப்பவே நினைச்சேன்" என்பார்கள். 0.2 ஆம்பியர் பல்பு நன்றாக எரியும், மற்றது மங்கிக் கிடக்கும். முன்னால் இருப்பது தின்றுவிட்டது என்று ஒருவன் கட்டாயம் சொல்வான். உடனே இரண்டையும் இடம் மாற்று. எரிந்ததே மறுபடியும் எரியும். அம்மீட்டரைப் பல்புகளுக்கு முன்னும் இடையிலும் பின்னும் வைத்துப் பார்த்தால் ஒரே அளவுதான். ஓட்டம் ஒன்றே என்பதால், தடை கூடிய இழைக்கு மின்னழுத்தத்தில் பெரும்பங்கு போகிறது. ஓம் விதியைக் கரும்பலகையில் எழுதவேண்டிய நேரம் இதுதான்.

பாடம் முடிக்க நேரமில்லை என்பார்கள். இதற்கு ஒரு பீரியட் போதும்; குழம்பிய வகுப்புக்கு மறுபடி நடத்துவதுதான் அதிக நேரம் தின்னும். கணினியில் பாவனைச் சோதனை இருக்கிறதே என்பது இன்னும் கனமான கேள்வி. திரும்பத் திரும்ப மாற்றிப் பார்க்க அது நல்லதுதான். ஆனால் அங்கே பேட்டரி பெரும்பாலும் குறையே இல்லாதது. நிஜத்தில், பக்க இணைப்பில் பல்புகளைக் கூட்டிக்கொண்டே போனால் முதல் பல்பு சற்று மங்கும். பழைய செல் என்றால் நன்றாகவே தெரியும். புத்தகம் பொய்யா என்று பிள்ளைகள் கேட்பார்கள். செல்லின் அகமின்தடையைப் பற்றிப் பேச இதைவிட நல்ல வாய்ப்பு வராது.

பிளக் பாயிண்ட் பக்கம் மட்டும் போகாதே; டார்ச் செல்லோடு நிறுத்திக்கொள். பல்பு வாங்கும்போது எல்.இ.டி.யைத் தந்துவிடுவார்கள், இழைப் பல்பு என்று கேட்டு வாங்கு. முந்தின நாளே ஒருமுறை மாட்டிப் பார்த்துவிடு.

அன்புடன்,
மாமா