துரத்தலில் இறந்தவனே வழக்கில் எதிரியா?

கேள்வி: என் தங்கை மகனுக்கு வயது 22. டூவீலர் மெக்கானிக். மாதம் 15 ஆயிரம் சம்பாதித்தான். ஆடி கடைசி வெள்ளிக்குக் கோயிலுக்குப் போய்விட்டு நண்பனோடு இரவில் பைக்கில் திரும்பினான். பைபாஸில் வாகனத் தணிக்கை. ஹெல்மெட் இல்லாததால் பயந்து நிற்காமல் வந்துவிட்டார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் ஒரே பைக்கில் வேகமாக விரட்டியிருக்கிறார்கள். பாலத்துக் கைப்பிடிச் சுவரில் மோதி இவனுக்கு அங்கேயே உயிர் போய்விட்டது. நண்பனுக்குக் கால் முறிவு. “பக்கத்தில் வந்து வண்டியை உதைத்தார்கள்” என்கிறான் அவன். ஸ்டேஷனில் “தானாக விழுந்தான்” என்கிறார்கள். மார்ச்சுவரியில் உடலை வாங்கும்போது என்னிடம் ஒரு புகாரில் கையெழுத்து வாங்கினார்கள். நான் படித்துப் பார்க்கவில்லை. மார்கழியில் ஒரு நோட்டீஸ் வந்தது. எதிரி இறந்துவிட்டதால் வழக்கு முடிக்கப்பட்டது என்று அதில் இருக்கிறது. பைக்கைக் காயலான் கடையில் போட்டுவிட்டோம். தங்கைக்குக் கணவர் இல்லை. போலீஸ் மீது வழக்குப் போடலாமா? நஷ்ட ஈடு கிடைக்குமா?
— வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: வழக்குப் போடலாம், நஷ்ட ஈடும் கேட்கலாம். ஆனால் இரண்டுக்கும் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சம்பவத் தேதியை நீங்கள் எழுதவில்லை. ஆடி கடைசி வெள்ளி என்கிறீர்கள். கடிதம் தை பிறந்த பிறகு வந்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவில் 2019-ல் செய்த திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் இழப்பீட்டு மனு போட வேண்டும். உங்களுக்கு அந்தக் கெடு மாசி பிறக்கும்போது முடிகிறது. கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் இருப்பது உண்மைதான். அதை நம்பி ஒரு நாள்கூட உட்காராதீர்கள். இந்த இதழ் கைக்கு வந்த அன்றே விபத்து வழக்குகள் நடத்தும் ஒரு வழக்கறிஞரைப் போய்ப் பாருங்கள்.

அடுத்து, மார்கழியில் வந்த நோட்டீஸ். அது ஆர்.சி.எஸ். நோட்டீஸ், அதாவது புகாரை முடித்துவைக்கிறோம் என்று புகார்தாரருக்குச் சொல்லும் தாள். நீங்கள் கையெழுத்திட்ட புகாரை வைத்து, உங்கள் மருமகன் வண்டியைத் தாறுமாறாக ஓட்டித் தன் சாவுக்குத் தானே காரணமானான் என்று முதல் தகவல் அறிக்கை போட்டிருக்கிறார்கள். ஆக, வழக்கில் எதிரி அவன்தான். எதிரி உயிரோடு இல்லை என்பதால் வழக்கு அற்றுப்போனதாக இறுதி அறிக்கை தயாராகிவிட்டது. விரட்டிய இருவரின் பெயர் அந்த வழக்குக் கட்டில் எங்குமே இல்லாமல் போயிருக்கலாம்.

மார்ச்சுவரி வாசலில் நிற்பவரிடம் தாளை நீட்டினால் படித்துப் பார்க்கும் நிலையில் யாரும் இருக்க மாட்டார்கள். அதற்காக உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் மறுநாள் படித்திருக்கலாம், காரியம் முடிந்த பிறகாவது படித்திருக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். நீங்கள் கேட்டதாகவே கடிதத்தில் இல்லை. “உதைத்தார்கள்” என்ற சொல்லை இந்த ஐந்து மாதத்தில் எஸ்.பி.க்கோ, கலெக்டருக்கோ, மனித உரிமை ஆணையத்துக்கோ ஒரு பதிவுத் தபாலில்கூட எழுதவில்லை. வீட்டுத் திண்ணையில் ஆயிரம் முறை சொல்லியிருப்பீர்கள். நீதிமன்றத்தில் அதற்கு மதிப்பில்லை. போதாததற்கு வண்டியையும் எடைக்குப் போட்டுவிட்டீர்கள். உதைபட்ட வண்டி சாட்சி சொல்லும். எந்தப் பக்கக் கால்மிதி வளைந்தது, சைலன்சரில் பூட்ஸ் தடம் உண்டா, பக்கவாட்டில் வேறு வண்டியின் பெயின்ட் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க இனி வழியில்லை. தாய்மாமன் என்ற முறையில் நீங்கள்தான் அதைக் காப்பாற்றியிருக்க வேண்டும். இதைக் கடுமையாகவே எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு குடும்பங்களும் இதைப் படிக்கும்.

அதே கையெழுத்தில் உங்களுக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. 1985-ல் பகவந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: வழக்கை முடிக்கும் அறிக்கையை மாஜிஸ்திரேட் ஏற்பதற்கு முன் புகார்தாரருக்கு நோட்டீஸ் கொடுத்து அவர் தரப்பைக் கேட்க வேண்டும். இறந்தவரின் உறவினர் தாமாக வந்து பேசலாம், ஆனால் நோட்டீஸ் பெறும் உரிமை புகார்தாரருக்குத்தான். பல துரத்தல் சாவுகளில் கிராம நிர்வாக அலுவலரோ வழிப்போக்கரோ புகார்தாரராக இருப்பார், குடும்பத்துக்குத் தெரியாமலே வழக்கு முடிந்துவிடும். இங்கே புகார்தாரர் நீங்கள். ஆகவே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஆட்சேப மனு போடும் உரிமை உங்களுக்கு நேரடியாக உண்டு. அறிக்கை ஏற்கப்பட்டுவிட்டதா, இன்னும் நிலுவையில் இருக்கிறதா என்பதை முதலில் நீதிமன்றத்தில் விசாரித்து அறியுங்கள். நிலுவையில் இருந்தால் மேல் விசாரணைக்கு உத்தரவிடும்படி கேட்கலாம். ஏற்கப்பட்டிருந்தால் வழி வேறு. அது உங்கள் வழக்கறிஞர் கட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது.

இனி வழக்கைத் தீர்மானிக்கப்போகும் விஷயம். போலீஸ் பின்னால் வந்தார்களா, அல்லது கைவைத்தார்களா? பின்னால் வந்தது மட்டும் என்றால், நிற்காமல் போனவரைப் பின்தொடர்வது கடமை என்பார்கள். குற்ற வழக்கு நிற்பது கடினம். உதைத்தார்கள், லத்தியால் தட்டினார்கள், குறுக்கே வண்டியை விட்டார்கள் என்று காட்ட முடிந்தால் கதை மாறிவிடும். குறைந்தபட்சம் பாரதிய நியாய சன்ஹிதா 106(1), கவனக்குறைவால் மரணம், ஐந்து ஆண்டு வரை தண்டனை. ஓடும் வண்டியை உதைத்தால் உயிர் போகும் என்று தெரிந்தே உதைத்ததாகக் கண்டால் 105-வது பிரிவு, கொலையாகாத மரணம் விளைவித்தல்.

நண்பன் சொல்வதை நீதிமன்றம் நம்ப வேண்டுமானால், அவன் அதை முதன்முதலில் எங்கே, யாரிடம் சொன்னான் என்று பார்க்கும். அந்த இரவு அரசு மருத்துவமனையில் டியூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி எழுதியிருப்பார். இத்தனை மணிக்கு, இந்த இடத்தில், இப்படி அடிபட்டதாக இன்னார் கூறினார் என்று இருக்கும். ஏ.ஆர். காப்பி என்பார்கள். யாரும் சொல்லிக்கொடுப்பதற்கு முன் எழுதிய வரி என்பதால் அதற்குத் தனி எடை உண்டு. அதில் “போலீஸ் வண்டியை உதைத்ததால்” என்று இருந்தால் உங்கள் வழக்குக்கு முதுகெலும்பு கிடைத்தது. “தானாகக் கீழே விழுந்ததாக” என்று இருந்தால் பெரிய தடை. அப்போது சொன்னவர் நண்பனா, அவனைக் கொண்டுவந்து சேர்த்த காவலரா என்று பாருங்கள். சொன்னவர் பெயரும் அதே வரியில் இருக்கும். காவலர் சொன்னதாக இருந்தால் அந்த வரி உங்களுக்கு எதிராக அவ்வளவு பேசாது.

108 ஆம்புலன்ஸ் பதிவு, பிரேதப் பரிசோதனைச் சான்று, பார்வை மகஜர், சம்பவ இட வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை எல்லாம் வேண்டும். வண்டி போய்விட்டாலும் சேதங்களை அந்த ஆய்வாளர் பட்டியலிட்டிருப்பார். இனி உங்களுக்கு இருக்கும் வண்டி அந்தத் தாள்தான். நேராகச் சுவரில் மோதியிருந்தால் முன் ஃபோர்க்கும் சக்கரமும் நசுங்கியிருக்கும். மோதாத பக்கத்தில் சேதம் குறித்திருந்தால் அது ஏன் என்று கேட்கலாம். காயலான் கடைக்காரரிடம் வண்டி இன்னும் உடைபடாமல் இருக்கிறதா என்றும் இன்றே போய்ப் பாருங்கள்.

கடைகளின் கேமராப் பதிவு இந்நேரம் அழிந்திருக்கும். ஸ்டேஷன் கேமரா அப்படியல்ல. 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைத்து, பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டாவது காக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அன்றிரவு அந்த இருவரும் எந்த வண்டியில், எத்தனை மணிக்கு, என்ன நிலையில் ஸ்டேஷனுக்குத் திரும்பினார்கள் என்பது அதில் தெரியலாம். அந்தப் பதிவையும், வயர்லெஸ் செய்திப் பதிவையும், ஸ்டேஷன் பொது நாட்குறிப்பையும் அழிக்காமல் காக்க உத்தரவிடும்படி ஆட்சேப மனுவோடு சேர்த்தே கேளுங்கள். ஓராண்டு முடிய அதிகக் காலம் இல்லை.

நிற்காமல் போனது தவறு, அதை மறைக்க வேண்டாம். ஆனால் ஹெல்மெட் இல்லாததற்குச் சட்டம் வைத்திருப்பது 1,000 ரூபாய் அபராதமும் லைசென்ஸை மூன்று மாதம் முடக்குவதும்தான். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு வீட்டுக்குச் செலான் அனுப்பியிருந்தால் அந்தப் பையன் இன்று உயிரோடு இருப்பான். மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கைது செய்யும் முயற்சியில் அவருக்கு மரணம் விளைவிக்கும் உரிமை போலீஸுக்கு இல்லை என்று பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 43-வது பிரிவு நேராகவே சொல்கிறது. ஹெல்மெட் அணியாதவர்களை நடுச்சாலையில் மறித்தும் விரட்டியும் பிடிக்கக் கூடாது, கேமராவைப் பயன்படுத்துங்கள் என்று 2019 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. தமிழ்நாட்டு நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது என்றாலும் வாதத்தில் எடுத்துக்காட்டலாம். 2018 மார்ச்சில் திருச்சி திருவெறும்பூரில் ஹெல்மெட் சோதனையின்போது ஆய்வாளர் ஒருவர் விரட்டிப் போய் பைக்கை உதைத்ததாகவும், பின்னால் இருந்த பெண் விழுந்து இறந்ததாகவும் எழுந்த வழக்கில் அந்த ஆய்வாளர் கைதானார். அங்கே கணவர் அன்றிரவே அதைச் சொன்னார், மக்களும் சாலையில் திரண்டு நின்றார்கள். உங்கள் வழக்கில் ஐந்து மாத மௌனம் இருக்கிறது.

காவலர்கள் மீது நேரடி விசாரணைக்கு உத்தரவு கேட்டால், பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 175(4)-ன் கீழ் மேலதிகாரியின் அறிக்கையையும் அவர்கள் விளக்கத்தையும் மாஜிஸ்திரேட் பார்ப்பார். 218-வது பிரிவின்படி அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற வாதமும் வரும். அந்தப் பாதுகாப்பு முக்கியமாக அரசு மட்டுமே பதவி நீக்கக்கூடிய ஊழியர்களுக்கானது. அந்த இருவரின் பதவியைப் பொறுத்து உங்கள் வழக்கறிஞர் பதில் சொல்லட்டும். அனுமதி தேவைப்பட்டாலும் 120 நாளில் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ளப்படும். அதே ஸ்டேஷன் தன்னைத் தானே விசாரிப்பதில் உங்களுக்கு நம்பிக்கை இல்லையென்றால், சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றும்படி உயர் நீதிமன்றத்தில் கேட்கலாம்.

நஷ்ட ஈட்டுக்கு வருகிறேன். குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். தீர்ப்பாயத்தில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். “தானாக விழுந்தான்” என்ற முதல் தகவல் அறிக்கை அங்கே முடிவான சான்று அல்ல. போலீஸ் பைக் உரசவே இல்லை என்றாலும், ஆபத்தான முறையில் நெருக்கி ஓட்டியதால் விபத்து நேர்ந்தது என்று வாதிடலாம். வாகனப் பயன்பாட்டால் எழுந்த விபத்து என்பதற்கு 1991-ல் சிவாஜி தயானு பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிந்த பொருள் கொடுத்தது. கவிழ்ந்து கிடந்த பெட்ரோல் டேங்கர் சில மணி நேரம் கழித்து வெடித்ததையும் அது அப்படியே ஏற்றது. விரட்டிய பைக் அரசுடையதா, காவலரின் சொந்த வண்டியா என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். அரசுடையது என்றால் அரசு எதிர்மனுதாரர். சொந்த வண்டி என்றால் அதன் இன்சூரன்ஸ் கம்பெனியையும் சேர்க்க வேண்டும். எண் தெரியாமல் போட்ட மனு அங்கேயே தடுமாறும்.

சம்பளம் 15,000 என்பதை மெக்கானிக் ஷாப் உரிமையாளர் எழுத்தில் தந்து சாட்சியும் சொன்னால், உச்ச நீதிமன்றத்தின் பிரணய் சேத்தி, சர்லா வர்மா தீர்ப்புகளின் முறைப்படி வருங்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டி, மணமாகாதவர் என்பதால் பாதியைக் கழித்து, 18-ஆல் பெருக்குவார்கள். அது 22 லட்சத்து 68 ஆயிரம், இதர தலைப்புகள் தனி. முழுத் தொகையும் வரும் என்று எண்ண வேண்டாம். நிற்காமல் போனதையும், தலைக்காயம்தான் காரணம் என்றால் ஹெல்மெட் இல்லாததையும் சொல்லி ஒரு பங்கைக் குறைக்கக் கேட்பார்கள். வண்டி அவன் பெயரில் இருந்து லைசென்ஸும் இருந்தால், பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச தனிநபர் விபத்துக் காப்பு உண்டா என்று பாருங்கள். அதற்குப் போலீஸின் தவறை நிரூபிக்கத் தேவையில்லை.

மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் மனு செய்யலாம். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் ஆட்சேப மனுவுக்கும் இழப்பீட்டு மனுவுக்கும் அது மாற்று ஆகாது.

கடைசியாக ஒன்று. இழப்பீட்டு மனுவை நீங்கள் போட முடியாது. வாரிசு உங்கள் தங்கை, மனு அவர் பெயரில்தான் இருக்க வேண்டும். பணமில்லை என்று தயங்க வேண்டாம். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், அவருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், தொலைபேசி 15100. நான் எந்தத் தாளையும் பார்க்காமல் கடிதத்தை மட்டும் வைத்து எழுதியிருக்கிறேன். இதை வைத்துக்கொண்டு நீங்களே மனு எழுதிவிடாதீர்கள். ஆர்.சி.எஸ். நோட்டீஸ், அது வந்த தபால் உறை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஆர்.சி. புக், பாலிசி, லைசென்ஸ், நண்பனின் டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, நண்பனையும் கையோடு அழைத்துக்கொண்டு போங்கள். வாரிசுச் சான்று இன்னும் வாங்கவில்லையென்றால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். மனுவை முதலில் போட்டுவிட்டுச் சான்றைப் பிறகு தாக்கல் செய்யலாம்.