இருபது கண்ணி

கரமனையில் எங்கள் மாலை வகுப்பு ஒரு வீட்டுத் திண்ணையில் நடக்கிறது. ஏழு பேர் வருகிறார்கள். ஏழு பேருமே வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். ஒரு நாள் ஒரு அக்கா பையில் நூல்கண்டும் ஊசியும் கொண்டு வந்தார்.

"டீச்சரே, இது எழுத்தைவிட லேசா இருக்குமோ?" என்று கேட்டார்.

லேசுதான். ஆனால் எண்ணத் தெரிய வேண்டும்.

அவர் கொண்டு வந்தது குரோஷா ஊசி. சாதாரண ஊசி போல அதற்குக் காது கிடையாது. நுனியில் ஒரு சிறிய கொக்கி இருக்கும். குரோஷா என்பது பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல். அதன் பொருளே 'சிறு கொக்கி' என்பதுதான். அந்தக் கொக்கியால் நூலை இழுத்து, ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணியை நுழைப்போம். வலை பின்னுகிற வீட்டில் பிறந்தவர்களுக்குக் கண்ணி என்றால் சொல்லித் தர வேண்டியதில்லை.

என்ன வாங்க வேண்டும்?

ஒரு ஊசி, ஒரு நூல்கண்டு, ஒரு கத்தரிக்கோல். நூல் கோக்கப் பெரிய காது உள்ள ஒரு ஊசியும் வேண்டும். சாலைக் கடைத்தெருவில் இவை எல்லாம் கிடைக்கும். முதல் ஊசி 4 மில்லிமீட்டர் கனம் உள்ளதாக இருக்கட்டும். நூலும் சற்றுத் தடிமனாக இருக்க வேண்டும். மெல்லிய வெள்ளை நூலைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அதில் கண்ணி கண்ணுக்குத் தெரியாது. கறுப்பு நூலும் முதலில் வேண்டாம். மாலை வெளிச்சத்தில் அதோடு மல்லுக்கட்ட முடியாது.

நாம் செய்யப் போவது அடுப்பிலிருந்து சூடான பாத்திரம் இறக்கும் பிடிதுணி. எனவே பருத்தி நூல்தான் வாங்க வேண்டும். பளபளப்பான செயற்கை உல்லன் நூல் சூட்டில் உருகிக் கையில் ஒட்டிவிடும். கடைக்காரரிடம் "பருத்தியா?" என்று கேட்டு வாங்குங்கள். உறையில் எழுதியிருப்பதையும் படியுங்கள். படிக்கக் கற்றது இதற்கும்தான்.

முதலில் சங்கிலி

நூலின் நுனியில் ஒரு சுருக்கு முடிச்சுப் போடுங்கள். அதை ஊசியில் மாட்டுங்கள். முடிச்சு ஊசியில் தாராளமாக ஓட வேண்டும். இடது கையில் நூலைப் பிடியுங்கள். நூலை ஊசியின் மேல் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். கொக்கியில் அதைப் பிடித்து, சுருக்குக்குள் இழுங்கள். ஒரு கண்ணி வந்துவிட்டது. மறுபடி சுற்றுங்கள், இழுங்கள். இது இரண்டு.

இப்படியே போனால் சங்கிலி நீளும். முதல் சங்கிலி கோணல்மாணலாகத்தான் வரும். ஒரு கண்ணி கடுகு போல, அடுத்தது கொண்டைக்கடலை போல இருக்கும். பயப்படாதீர்கள். நூலைப் பிடித்து இழுத்தால் முழுவதும் பிரிந்துவிடும். நூல் வீணாகாது. எத்தனை தவறு செய்தாலும் காசு செலவில்லாத வேலை இது. எங்கள் வகுப்பில் ஒரு பாட்டி ஒரே நூலைப் பதினோரு தடவை பிரித்தார். "ஸ்லேட்டு மாதிரி இருக்கே மக்களே!" என்றார்.

இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் சொல்லித் தருபவருக்கு எதிரே உட்காருங்கள். கண்ணாடியில் பார்ப்பது போலப் பார்த்துச் செய்யலாம்.

பிறகு சதுரம்

இருபத்தொரு சங்கிலிக் கண்ணி போடுங்கள். ஊசியில் மாட்டியிருக்கும் கண்ணியை எண்ண வேண்டாம். ஊசிக்குப் பக்கத்தில் உள்ள முதல் கண்ணியை விட்டுவிடுங்கள். இரண்டாவது கண்ணிக்குள் ஊசியை நுழையுங்கள். நூலைச் சுற்றி இழுங்கள். இப்போது ஊசியில் இரண்டு கண்ணி இருக்கும். மறுபடி நூலைச் சுற்றி, அந்த இரண்டுக்குள்ளும் சேர்த்து இழுங்கள். ஊசியில் ஒன்று மிஞ்சும். இது ஒரு பின்னல். வரிசை முடியும் வரை இப்படியே செய்தால் இருபது பின்னல் வரும்.

அடுத்த வரிசைக்கு ஒரு சங்கிலிக் கண்ணி போட்டுத் துணியைத் திருப்புங்கள். அந்த ஒரு கண்ணி மேலே ஏற ஒரு படி. அதை எண்ண வேண்டாம். மறுபடி இருபது பின்னல். எல்லா வரிசையிலும் இருபதுதான்.

மூலைக்கு மூலை மடித்துப் பாருங்கள். ஓரங்கள் ஒன்றோடு ஒன்று பொருந்தினால் சதுரம் முடிந்தது. அதற்குப் பிறகு பன்னிரண்டு சங்கிலி போட்டு, அதே மூலையில் சேர்த்துப் பின்னுங்கள். ஆணியில் மாட்ட வளையம் கிடைக்கும். ஒரு சாண் நூல் விட்டு வெட்டி, கடைசிக் கண்ணிக்குள் இழுத்து இறுக்குங்கள். மிச்ச நூலைக் காது ஊசியில் கோத்துத் துணிக்குள் ஒளித்துவிடுங்கள். இப்படி இரண்டு செய்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துத் தைத்தால்தான் கை சுடாது.

சமோசா ஆன சதுரம்

ஊசி கொண்டு வந்த அக்காவுக்குச் சதுரம் வரவில்லை. மேலே போகப் போகக் குறுகியது. "டீச்சரே, சமோசா ஆயிட்டு!" என்று தூக்கிக் காட்டினார். எல்லோரும் சிரித்தோம்.

எண்ணிப் பார்த்தோம். முதல் வரிசையில் 20. அடுத்ததில் 19. பிறகு 18. ஒவ்வொரு வரிசையிலும் கடைசிப் பின்னலை அவர் விட்டிருந்தார். ஓரத்தில் அது சாய்ந்து ஒளிந்திருக்கும். புதிதாகப் பின்னுகிற பலரும் தவறுவது இந்த இடத்தில்தான்.

மறுநாள் அவர் நோட்டில் கோடு போட்டு எழுதிக்கொண்டு வந்தார். வரிசை 1, பின்னல் 20. வரிசை 2, பின்னல் 20. இருபத்து நாலு வரிசை. நான் சொல்லாமல் அவர் நோட்டில் எழுதிய முதல் பக்கம் அதுதான்.

பின்னிய கைகளும் கூலியும்

நாகர்கோவில் அன்று திருவிதாங்கூர் நாட்டில் இருந்தது. 1819ல் மார்த்தா மோல்ட் என்ற ஆங்கிலேய அம்மையார் அங்கே வந்தார். பெண்களுக்குப் படிப்போடு லேஸ் பின்னவும் கற்றுக் கொடுத்தார். அது குரோஷா அல்ல. திண்டில் ஊசிகள் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூலால் பின்னுவது. அந்தக் காலத்தில் இங்கே மனிதர்களை விற்றார்கள், வாங்கினார்கள். அடிமையாக இருந்த சில பெண்கள் லேஸ் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855ல்தான்.

எல்லா இடத்திலும் கூலி அப்படிக் கைக்கு வரவில்லை. ஆந்திராவில் நரசாப்பூர் என்ற ஊர் குரோஷாவுக்குப் பேர் போனது. அங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டில் இருந்து பின்னுகிறார்கள். மரியா மீஸ் என்ற ஜெர்மன் அறிஞர் அவர்களைப் பற்றி 1982ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை அவர்கள் பின்னினார்கள். வயல் கூலியைவிட மிகக் குறைவாகவே கிடைத்தது. அது வேலை என்றே யாரும் எண்ணவில்லை. வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள் என்றார்கள். லேஸோ கப்பலேறி வெளிநாடு போனது. நரசாப்பூர் குரோஷாவுக்கு 2024ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பெயருக்குக் காவல் கிடைத்தது நல்லதுதான். பின்னுகிறவரின் கூலி அதனால் மட்டும் ஏறிவிடாது.

இன்னொன்று. துணி நெய்ய இயந்திரம் உண்டு. உண்மையான குரோஷாவைப் பின்னிக் கொடுக்கும் இயந்திரம் கடைத்தெருவுக்கு இன்னும் வரவில்லை. ஒவ்வொரு குரோஷாத் துணியையும் ஒருவர் உட்கார்ந்து பின்னியிருக்கிறார். எவ்வளவு நேரம் என்று விலைச்சீட்டில் எழுதியிருக்காது.

விலை சொல்வது எப்படி?

நம் அக்காவின் பிடிதுணியைப் பார்த்து ஒரு கடைக்காரர் நாற்பது ரூபாய் தருவதாகச் சொன்னார். அக்கா மகிழ்ந்து போனார். வகுப்பில் கணக்குப் போட்டோம்.

நூல் 25 ரூபாய். நாற்பதில் அதைக் கழித்தால் 15. பின்ன ஆன நேரம் இரண்டு மணி. பதினைந்தை இரண்டால் வகுத்தால் மணிக்கு ஏழரை ரூபாய்.

"ஏழரையா? சனியேதான்!" என்றார் பாட்டி.

அக்கா கடைக்குப் போய் எழுபது கேட்டார். அவர் வாங்கவில்லை. பக்கத்து வீட்டில் இரண்டு விற்றன. மூன்று இன்னும் அக்கா வீட்டு ஆணியில் தொங்குகின்றன. எழுபதுக்கு விற்றாலும் மணிக்கு எவ்வளவு என்று அவரே கணக்குப் போட்டுச் சொன்னார். அதுவும் பெரிய கூலி இல்லை. கை பழகினால் ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கலாம் என்கிறார். இப்போது பின்ன உட்காரும்போது கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதிவிடுகிறார்.

நீங்கள் செய்யுங்கள்

1. இருபது பின்னலில் ஒரு சதுரம் பின்னுங்கள். ஒவ்வொரு வரிசையின் எண்ணிக்கையையும் எழுதுங்கள்.

2. தொடங்கிய நேரம், முடித்த நேரம், நூலின் விலை மூன்றையும் எழுதுங்கள்.

3. ஒரு பிடிதுணிக்கு நூல் 25 ரூபாய். விலை 70 ரூபாய். நேரம் ஒன்றரை மணி. மணிக்கு எவ்வளவு கூலி?